மகள் என்பதால் நீக்கவும்

மல்லேஸ்வரம், பெங்களூரு
நவம்பர் 9, ஞாயிறு

அப்பாவுக்கு ஸ்ரீவித்யாவின் நமஸ்காரம்.

இங்கே நான் நலம். டல்லாஸ் குளிர் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒத்துக்கொண்டதா? அம்மா அனுப்பிய படத்தில், சுதீர் அண்ணாவின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காதுவரை குல்லாயை இழுத்துவிட்டு, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். பிரஷர் மாத்திரை டிசம்பர் கடைசி வரைதான் வரும். அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் சம்ப் தொட்டி மோட்டார் மறுபடியும் நின்றுபோய், ஆள் வந்து காயிலை மாற்றிவிட்டுப் போனார். மாடி ஜன்னலில் புறா முட்டையிட்டிருப்பதால் அந்த அறையைத் திறப்பதில்லை.

போனில் சொல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போடுவீர்கள். இது அண்ணி வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்படி நான் பேச விரும்பாத விஷயம்.

டிசம்பர் 12 முதல் 14 வரை நடக்கப்போகும் நம் மயக்கவியல் சங்க மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. அறிவியல் குழுவுக்கு நீங்கள் ஆலோசகர் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். மொத்தம் தொண்ணூற்றாறு பேச்சாளர்கள். அதில் பெண்கள் பதினொரு பேர். இரண்டு தடவை எண்ணினேன். அந்தப் பதினொன்றிலும் ஐந்து பேரை ஒரே அமர்வில் அடைத்திருக்கிறார்கள். தலைப்பு, 'வீடும் வேலையும்: பெண் மருத்துவர் சமாளிப்பது எப்படி'. நேரம் ஞாயிறு காலை ஏழரை மணி. இடம் நான்காவது அரங்கம். அங்கே அந்த நேரத்தில் பேசுகிற ஐந்து பேரும், அவர்களைக் காரில் கொண்டுவந்து விட்ட கணவர்களும் இருப்பார்கள். வேறு யார் வரப்போகிறார்கள்?

நம் சங்கத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஊரில் எந்த ஆபரேஷன் தியேட்டரைத் திறந்து பார்த்தாலும் நோயாளியின் தலைமாட்டில் மயக்கம் கொடுக்க எங்களில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். நாங்கள் மாநாட்டுக்கு வந்தால் மட்டும் எங்களுக்கு இடம் கீழே, நாற்காலியில்.

அமைப்புச் செயலாளர் கில்பர்ட் சாரிடம் கேட்டேன். "லேடீஸைக் கேட்டா யாரும் வர்றதில்லைம்மா. ஒருத்தருக்குப் பையனோட எக்ஸாம், ஒருத்தருக்கு மாமியாரோட முட்டி. நாங்க என்னதான் பண்றது, சொல்லு" என்றார். இந்த வருடம் யார் யாரைக் கேட்டீர்கள் சார் என்றேன். "பொதுவா சொல்றேன்மா" என்றார். பொதுவாகச் சொல்கிறவர்களுக்கு எதிராக எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நானும் ஒரு தலைப்பு அனுப்பியிருந்தேன். குட்கா போட்டுப் போட்டு வாய் இறுகி, ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு ஆன புற்றுநோயாளிகள் எங்கள் மருத்துவமனைக்கு வாரம் இரண்டு பேராவது வருகிறார்கள். முதலில் மயக்கிவிட்டுப் பிறகு மூச்சுக்கு டியூப் போடலாம் என்று நினைத்தால், மூச்சு நின்ற பிறகு வாயைத் திறக்க வழியே இருக்காது. அதனால் அவர்களை உட்காரவைத்து, மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, விழிப்பாக இருக்கும்போதே கேமரா ஸ்கோப் வழியாக டியூபை இறக்குகிறேன். ஐந்து வருடத்தில் என் கைக்கு வந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். தூக்க மருந்து கொடுக்காமல், அவரவர் மொழியில் பேசிக்கொண்டே செய்வதுதான் என் முறை. ஒவ்வொருவரைப் பற்றியும் குறித்து வைத்திருக்கிறேன்.

பட்டியலில் அந்தத் தலைப்பு இருக்கிறது. பெயர் மட்டும் உங்கள் மாணவர் பாலகுமாருடையது.

புதன்கிழமை அவரே கூப்பிட்டார். "வித்யா, ஒரு சின்ன ஹெல்ப்மா. உன்கிட்ட வீடியோ குமிஞ்சு கிடக்குமே, நாலஞ்சு அனுப்பிவிடு. கடைசி ஸ்லைடுல கர்ட்டசின்னு உன் பேரைப் போட்டுடறேன்." நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். "ஏழெட்டு இருக்கும். நம்பரையெல்லாம் யாரு எண்றா? ஆடியன்ஸுக்கு விஷுவல் வேணும்." அதோடு நிறுத்தவில்லை. "நான் கொஞ்சம் மிடாசோலம் போட்டுதான் பண்ணுவேன். பேஷண்ட் கம்முனு இருப்பான். நீ எதுக்கு அவன்கூடக் கதை பேசிட்டிருக்க?" இந்த ஆள் என் வீடியோவைக் காட்டிக்கொண்டே அந்தத் தூக்க மருந்தைச் சொல்லிக்கொடுப்பார். ஹாசனிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போய்ச் செய்துபார்ப்பார்கள். தூங்கிப்போன நோயாளிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் பாலகுமார் அங்கே இருக்கமாட்டார்.

கில்பர்ட் சார் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தொடக்க விழாவைத் தொகுத்து வழங்க வேண்டுமாம், இறைவணக்கமும் பாட வேண்டுமாம். "உனக்குத்தான் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூணும் சுத்தமா வருதே. நல்ல பட்டுப்புடவையா கட்டிட்டு வந்துடு." சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்ட விதத்தில் மறுப்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று. போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

எனக்காக யாரிடமும் பரிந்து பேச வேண்டாம். குழுவில் என்ன நடந்தது, என் பெயர் எந்தக் கட்டத்தில் போனது என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். உங்களிடம் மறைக்கமாட்டார்கள்.

அம்மாவை மாடிப்படியில் கவனமாக இறங்கச் சொல்லுங்கள்.

நமஸ்காரங்களுடன்,
ஸ்ரீவித்யா


மல்லேஸ்வரம்
நவம்பர் 23, ஞாயிறு

அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. நான்கே வரி. "குழுவின் முடிவில் நான் தலையிடுவது முறையல்ல. அவர்களுக்கு ஆயிரம் நிர்ப்பந்தம் இருக்கும். உனக்கு வயது இருக்கிறது. பொறுமையாக இரு." படித்துவிட்டு, உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேனே என்று ஒரு முழு வாரம் வருத்தப்பட்டேன். அந்த ஒரு வாரத்துக்காக நான் உங்களை மன்னிப்பதாக இல்லை.

விழாவைத் தொகுத்து வழங்குகிறவளுக்குப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் சங்க அலுவலகத்தில் கிளெமென்ட்டிடம் பேச்சாளர் பட்டியல் கேட்டேன். பாவம், அவர் லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வந்த அவசரத்தில் கையில் கிடைத்த ஃபைலை அனுப்பிவிட்டார். அது அச்சுக்குப் போன பட்டியல் இல்லை. குழு மதிப்பெண் போட்ட தாள். கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது.

பெயரை மறைத்து ஆறு பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அறுபதுக்கு எனக்கு ஐம்பத்திரண்டு. அந்த அமர்வில் எனக்கு அடுத்தவருக்கு நாற்பத்தொன்று. பெயர்களைத் திறந்த பிறகு என் வரிக்கு எதிரே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அ.ப. சார்: மகள் என்பதால் நீக்கவும். பாலகுமாருக்குக் கொடுக்கலாம்." சங்கத்தில் அ.ப. சார் என்றால் நீங்கள்தான்.

மூன்று வாரமாக நான் சந்தேகப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று மனதில் வைத்திருந்தேன். கில்பர்ட் இருந்தார், தலைவர் சுந்தரமூர்த்தி இருந்தார், பாலகுமார் இருந்தார். உங்களை மட்டும் எழுதவில்லை. உங்களிடமே போய் விசாரிக்கச் சொன்னேன். நீங்களும் ஒன்றும் தெரியாதவர் போலவே பதில் எழுதினீர்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டு ஆட்களுக்கு மேடை கொடுக்கக் கூடாது என்பது உங்கள் கொள்கை. நான் கல்லூரியில் உங்கள் பிரிவுக்கு வந்த ஆறு மாதமும் உங்களை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். என் வாய்மொழித் தேர்வன்று நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். அப்போதெல்லாம் எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அன்று வெளியே போனது நீங்கள். இந்தத் தடவை என்னை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

அதே தாளில் இன்னும் சில வரிகளையும் பார்த்தேன். சுந்தரமூர்த்தி சாரின் மகன் சஞ்சய் இருக்கிறார். மதிப்பெண் முப்பத்துமூன்று. குறிப்பு எதுவும் இல்லை. முன்னாள் தலைவர் ஒருவரின் மருமகன் இரண்டு அமர்வுகளில் பேசுகிறார். அங்கேயும் குறிப்பு எதுவும் இல்லை. மகன், மருமகன் என்று ஒருவரையும் யாரும் நீக்கவில்லை. தொண்ணூற்றாறு பேரில் நேர்மை தேவைப்பட்டது ஒரே ஒருத்தியிடம்தான். அதையும் அவளுடைய அப்பா அவளைக் கேட்காமலே எடுத்துக்கொடுத்துவிட்டார். மூன்று நாள் மாநாட்டுக்கும் வேண்டிய நேர்மை என் ஒருத்தியின் பெயரிலேயே தேறிவிட்டது.

பாலகுமாரை ஏன் எழுதினீர்கள்? அவரை நீங்கள் "என் பிள்ளை மாதிரி" என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறீர்கள்? பிள்ளை மாதிரி இருக்கிறவருக்குக் கொடுக்கலாம், மகளாகவே இருப்பவளுக்குக் கூடாது. இது கொள்கைதானா என்று நீங்களே ஒரு தடவை தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உங்களைப் போலப் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்கு மகள், ஒருவருக்குப் பிரசவ விடுப்பில் இருக்கிற மாணவி, இன்னொருவருக்கு ஊரிலிருந்து தனியாக வர வேண்டிய பெண். காரணம் ஒவ்வொன்றும் நல்லதாகவே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் பதினொன்றுதான் வருகிறது.

நான் பேசினால் 'அனந்துவின் பெண் என்பதால் கொடுத்தார்கள்' என்று சொல்வார்களே, அதிலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்பீர்கள். சொல்லட்டுமே என்று இருந்திருக்கலாம். பத்து நிமிடம் நான் பேசி முடித்த பிறகும் அப்படியே சொல்வார்களா என்று பார்த்திருக்கலாம். இப்போது என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பெயர் பத்திரமாக இருக்கிறது.

இனி நான் செய்திருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். தொகுப்பாளர் வேலையும் பாட்டும் முடியாது என்று கில்பர்ட் சாருக்கு எழுதிவிட்டேன். "என்னம்மா, கோபமா? அப்பாகிட்டச் சொல்லட்டுமா?" என்று பதில் வந்தது. எனக்கு முப்பத்துநான்கு வயது. பாலகுமாருக்கு ஒரு வீடியோவும் அனுப்பமாட்டேன். குழுவின் மதிப்பெண் குழுவையே கட்டுப்படுத்தும் என்றால் என் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று குழுவுக்கு என் பெயரில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதில் உங்கள் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதினால் கிளெமென்ட்டின் வேலை போய்விடும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாருக்கும் போன் செய்யாதீர்கள். எனக்கு எதிராகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். அந்தக் கடிதம் என்ன செய்கிறது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீவித்யா


மல்லேஸ்வரம்
டிசம்பர் 17, புதன்

அப்பாவுக்கு நமஸ்காரம்.

நேற்று அம்மா போன் செய்தாள். முதல் தடவையாக ஸ்பீக்கரில் போடவில்லை, குளியலறைக்குள் நின்று பேசினாள் என்று நினைக்கிறேன், குரல் எதிரொலித்தது. "ரெண்டு நாளா சரியா சாப்பிடலைடி உங்கப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தாக்கூட வாங்கிக்கலை. ஊர்ப்பட்ட ஜனத்துக்கு முன்னாடி அப்படி என்னடி சொல்லித் தொலைச்சே?" என்றாள். பாலகுமார் உங்களுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறாராமே. அவர் எந்த இடத்திலிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நிச்சயம் ஆரம்பத்திலிருந்து இருக்காது. அதனால் ஆரம்பத்திலிருந்து நான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கடிதத்துக்குக் குழு பத்து நாள் பதில் சொல்லவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி மாலை கில்பர்ட் சார் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எல்லாம் சரியாயிடுச்சும்மா! சாரே டல்லாஸ்லேருந்து போன் பண்ணிட்டார். 'நான்தான் தப்புப் பண்ணிட்டேன் கில்பர்ட், என் பொண்ணுக்கு ஒரு ஸ்லாட் குடுத்துடு'ன்னார். சார் சொல்லி நாங்க செய்யாம இருப்போமா?"

செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்ட ஒன்றே ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். என் கடிதம் மட்டும் போயிருந்தால் அது வேலை செய்திருக்குமா, குப்பைக்குப் போயிருக்குமா? இனி எனக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. நீங்கள் முதலில் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். இரண்டாவதாக எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிது.

அப்படிக் கிடைத்த இடம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பேச ஆசை. பாலகுமார் அந்த மருந்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதே என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் ஆசைதான் முதலில் வந்தது.

சனிக்கிழமை காலை மாநாடு நடந்த யஷ்வந்த்பூர் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் போஸ்டரைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோலார் பக்கம் ஒரு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிற பிரபா. ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மருத்துவமனைக்கே ஒரே மயக்கவியலாளராக இருந்துகொண்டு பிரசவ அறுவைகளைச் சமாளிப்பது பற்றியது. நல்ல வேலை. இதைப் பேச்சாகக் கொடுத்திருக்கலாமே என்றேன். "பேச்சாத்தாங்க இருந்துச்சு. உங்க செஷன்லயே. போன வாரம் போன் பண்ணி, 'ஒரு லேடி ஸ்பீக்கர் புதுசா வந்திருக்காங்க, செஷனுக்கு ஒரு லேடி போதும், நீங்க போஸ்டர் வெச்சிடுங்க'ன்னாங்க" என்றாள். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். அது நான்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பாலகுமாரை எடுத்துவிட்டுத்தான் என்னைப் போட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன், அப்பா. அவரை வேறு அமர்வுக்கு, இன்னும் பெரிய அரங்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெண்கள் அப்போதும் பதினொரு பேர்தான்.

என் நேரத்தை எடுத்துக்கொள் என்று பிரபாவிடம் சொன்னேன். "ஸ்லைடே எடுத்துட்டு வரலங்க. நீங்க போய்ப் பேசுங்க, உங்களுக்குத்தானே குடுத்திருக்காங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அமர்வுக்குத் தலைமை சுந்தரமூர்த்தி சார். பேச்சாளருக்குப் பத்து நிமிடம். தலைவர் வாயைத் திறந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். எனக்கு முன்னால் பேசிய இருவரைப் பற்றியும், எங்கே படித்தார், எங்கே வேலை செய்கிறார் என்று இரண்டு வரி சொல்லி அனுப்பினார். என் முறை வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். "இவங்களை நான் அறிமுகப்படுத்தணுமா? நம்ம அனந்தபத்மநாபன் சாரோட செல்லப் பொண்ணு! சங்கத்துப் பிக்னிக்ல என் தோள் மேல ஏறி மாங்காய் பறிச்ச குட்டி!" அரங்கம் சிரித்தது. பிறகு உங்களைப் பற்றி ஆரம்பித்தார். பழைய ஆஸ்பத்திரியில் கரண்ட் போன அன்று நீங்கள் நான்கு மணி நேரம் கையால் மூச்சுப் பை அழுத்தி ஒரு குழந்தையைப் பிழைக்கவைத்த கதை, சங்கத்துக்கு முதல் கட்டடம் வாங்கிய கதை, உங்கள் காபி ருசி. "புலிக்குப் பிறந்தது" என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் கையை விரித்துக் காட்டினார். என் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மேடையேறி மைக்கைத் தொட்டபோது கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பத்து விநாடி மீதி இருந்தது.

நீங்கள் பயந்தபடியே அனந்துவின் பெண் என்றுதான் சொன்னார்கள். சொல்லவைத்தது உங்கள் போன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்த்த வீடியோ தொடங்கியிருக்கும். நான் சொன்னது மூன்று வாக்கியம். குழு என் தலைப்புக்கு ஆகஸ்டிலேயே முதல் மதிப்பெண் கொடுத்தது என்றேன். மகள் என்பதால் என் அப்பா என்னை நீக்கச் சொன்னார், பிறகு அவரே போன் செய்ததால் இங்கே நிற்கிறேன் என்றேன். எனக்கு இடம் கொடுப்பதற்காக டாக்டர் பிரபாவின் பேச்சை எடுத்துவிட்டார்கள், அது கை கழுவுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறது, போய்ப் படியுங்கள் என்றேன். அந்த மதிப்பெண் தாளில் இருந்ததைச் சொன்னால் அதை யார் அனுப்பியது என்று தேடுவார்கள் என்று தெரிந்தும் சொன்னேன். கிளெமென்ட்டைத் திங்கட்கிழமை கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் கணக்கில் அதுவும் இருக்கிறது. அவருக்காக நான் கில்பர்ட் சாரிடம் போய் நின்றேன்.

பிறகு ஸ்லைடுக்குப் போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, முயற்சி தோற்ற இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். அந்த இரண்டு பேருக்கும் நான் கொஞ்சம் தூக்க மருந்து கொடுத்திருந்தேன். ஒருவர் மிகவும் பயந்தார். இன்னொரு நாள் எனக்கு அவசரம். இரண்டு பேருக்கும் மூச்சு அடைத்து, கழுத்தில் துளை போட வேண்டிவந்தது. ஒருவர் பிழைத்தார். மற்றவர் பதினோராம் நாள் இறந்துபோனார். மிடாசோலம் போட்டால் நோயாளி கம்மென்று இருப்பார் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிவப்பு விளக்கு வந்தது. சுந்தரமூர்த்தி சார் மணியடித்தார். மறுபடியும் அடித்தார். நான் நிறுத்தவில்லை. நான்கு நிமிடம் ஐம்பது விநாடி எனக்குச் சேர வேண்டியது இருந்தது, அதை எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

யாரும் எழுந்து நின்று கை தட்டவில்லை. கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்த முதல் ஆள், "கேள்வி இல்லை, பாராட்டு. அப்படியே சாரோட ரத்தம்!" என்றார். டீ வரிசையில் பாலகுமார் வந்தார். "நல்லாத்தான் பேசின. ஆனா அந்த ரெண்டு ஃபெயிலியரை எதுக்கும்மா சொன்ன? நாங்க யாராவது சொல்றமா? சாரை வேற இப்படி இழுத்துட்ட. பொண்ணைப் பெத்தவருக்கு இது தேவையா?" சர்க்கரை வேண்டுமா சார் என்று கேட்டேன்.

அதைவிட வலித்தது வேறு. பிரபா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. "என் பேரை எதுக்குங்க இழுத்தீங்க? உங்க அப்பா பெரிய ஆளு, உங்களை யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நான் அடுத்த வருஷமும் இவங்ககிட்டதானே வந்து நிக்கணும்?" என்றாள். என்னைக் கேட்காமலே எனக்கு நல்லது செய்தீர்கள் என்று உங்களை மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தவள், அதையே அவளுக்குச் செய்திருந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரவில்லை. தர வேண்டிய அவசியமும் இல்லை.

அப்பா, உங்களை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தினேன் என்று அம்மா சொல்கிறாள். நான் சொன்னதில் எது பொய்? அது மெய்யாக இருந்தும் உங்களுக்கு அவமானமாக இருக்கிறது என்றால், அதைச் செய்த ஆகஸ்டிலேயே இருந்திருக்க வேண்டும். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் குறையவில்லை. குறைந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தால் நீங்கள் பட்டினி கிடப்பீர்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பெங்களூருக்கு எப்போது திரும்புவதாக இருக்கிறீர்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. வரும்போது என்னிடம் எதையும் விளக்க வேண்டாம். யாருக்கும் எதையும் சொல்லிச் சரிசெய்யவும் வேண்டாம். ஐந்து வருடமாக நான் ஒரே தியேட்டரில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். நீங்கள் ஒரு நாள்கூட அங்கே வந்ததில்லை. வந்தால் மகளைப் பார்க்க வந்தார் என்று சொல்வார்கள் என்பது உங்கள் பயம். செவ்வாயும் வெள்ளியும் என் நாட்கள். காலை எட்டு மணிக்கு முதல் நோயாளியை உட்காரவைப்பேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு மூலையில் நின்றால் நீங்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு நோயாளிக்கு டியூப் இறங்கும்வரை நில்லுங்கள். பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதை என்னிடம் சொல்லுங்கள். என்னிடம் மட்டும்.

அதுவரைக்கும் உடம்பு கெடக் கூடாது. தட்டை ஒதுக்காமல் சாப்பிடுங்கள், அப்பா.

ஸ்ரீவித்யா